பட்டப்பகலில் கலினிஹ்தா

எலேனி வந்த நாளிலிருந்து ஜெசிதாவின் வாயில் வீட்டுக் கோழிக்கும் "கலிமேரா"தான், பால்காரருக்கும் "கலிமேரா"தான். கிரேக்க மொழியில் அது காலை வணக்கம். பால்காரர் பாவம், பிள்ளை தன்னைத் திட்டுகிறதாக்கும் என்று முதல்நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எலேனி, ஜெசிதாவின் சித்தப்பா மகள். வயது நாலு. சித்தப்பா ஜெயசுதன் கப்பல் வேலைக்குப் போய், கிரேக்க நாட்டிலேயே கலியாணம் செய்து தங்கிவிட்டவர். இந்த நத்தார்ப் பண்டிகைக்குத்தான் முதல் தடவையாக மனைவியையும் பிள்ளையையும் சொந்த ஊரான கடலோரக் குருநகருக்குக் கூட்டிவந்திருந்தார்.

எலேனிக்குத் தமிழில் தெரிந்தது "அக்கா" என்ற ஒரு சொல்தான். அதனால் ஜெசிதா சித்தியின் பின்னாலேயே திரிந்து கிரேக்கச் சொற்களைப் பிடுங்கிக்கொண்டாள். "ஹ்ரிசோ மூ" என்றால் என் தங்கமே. "மாத்தாக்கியா மூ" என்றால் என் கண்ணே. இதைத்தானே நாங்களும் சொல்லுறம், இதுக்கு ஏன் கடல் கடந்து போகவேணும் என்று அம்மா றஜனி சிரித்தார். வா, இரு, சாப்பிடு என்று உருப்படியாக நாலு சொல் படிக்கச் சொன்னார். ஜெசிதாவுக்கோ கொஞ்சுகிற சொற்களில்தான் மனம் போனது.

எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது "கலினிஹ்தா". அது இரவு வணக்கம். படுக்கும் நேரத்தில் தாலாட்டுப் போல இழுத்து, "கலினிஹ்தா, மாத்தாக்கியா மூ" என்று சொன்னால் போதும். எலேனி எங்கே நின்றாலும் தொப்பென்று மல்லாந்து படுத்து, கண்ணை இறுக்கி மூடி, இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொள்வாள். பிறகு யாராவது "கலிமேரா" சொல்லும்வரை அசையவே மாட்டாள். அது அவளுடைய சட்டம். ஒருநாள் எல்லாரும் மறந்துபோக, விழித்த பிள்ளை வெயில் ஏறும்வரை கண்ணை மூடியபடியே கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பாவும் சித்தியும் யாழ்ப்பாணம் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஜெசிதாவுடையது.

ஞாயிற்றுக்கிழமையில் குருநகரில் ஒருவரும் மீன்பிடிக்கப் போவதில்லை. வள்ளத்து எஞ்சின்களைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆண்கள் எல்லாரும் உதைபந்தாட்டம் பார்க்கப் போய்விட்டார்கள். கரையில் சும்மா ஆடிக்கொண்டு நின்ற ஒரு வள்ளத்தில் எலேனியை ஏற்றிவிட்டாள் ஜெசிதா. வள்ளத்தைக் கரையோடு பிணைத்து அதன் முனைக் கட்டையில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்துச் சுற்றுவது எலேனிக்கு ஒரு விளையாட்டு. அதைப் பழக்கியவளும் ஜெசிதாதான்.

வெயில் சுட்டது. தொப்பி எடுத்துவர ஜெசிதா வீட்டுக்கு ஒரே ஓட்டமாக ஓடினாள். திரும்பி வந்தபோது கயிறு தண்ணீரில் மிதந்தது. நின்ற இடத்தில் வள்ளத்தைக் காணோம்.

வாடைக்காற்று அதைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போயிருந்தது. எலேனியின் சிவப்புச் சட்டை தூரத்தில் தெரிந்தது.

ஜெசிதா போட்ட கூச்சலில் தெருவே கரைக்கு வந்துவிட்டது. அம்மா வந்தார், பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். வேறு வள்ளம் எடுக்க எஞ்சின் ஒன்றும் கரையில் இல்லை. ஆட்டம் பார்க்கப் போகாமல் பூவரச மர நிழலில் தூங்கிக்கொண்டிருந்த கிறிஸ்துநாயகம் மாமா சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். சேறு அவர் காலைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. வள்ளமோ பெரிய வள்ளங்கள் போய்வரும் ஆழமான வாய்க்காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. பிள்ளை எழும்பாமல் உட்கார்ந்திருந்தால் பயமில்லை. ஆனால் கரையில் நின்ற எல்லாரும் கையை நீட்டி, இரு இரு, எழும்பாதை என்று கத்தினார்கள். எலேனிக்கு அது விளங்குமா? அத்தனை பேர் கையை நீட்டினால் அவள் என்ன நினைப்பாள்? தன்னைத் தூக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்றாள். வள்ளம் ஒரு பக்கம் சரிந்தது. அழுதபடியே ஒரு காலைத் தூக்கி விளிம்பில் வைத்தாள்.

"ஐயோ மாதாவே" என்றபடி அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டார்.

இரு என்பதற்குக் கிரேக்கத்தில் என்ன? ஜெசிதாவுக்குத் தெரியாது. அம்மா சொன்னபோதே படித்திருக்கலாம். சித்திக்குப் போன் எடுத்துக் கேட்க நேரமில்லை. அவள் தலைக்குள் தங்கமும் கண்ணும்தான் கிடந்தன. இந்த நேரத்தில் கொஞ்சி என்ன செய்வது?

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. ஜெசிதா இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடினாள்.

"கலினிஹ்தா!" என்று கத்தினாள். பயத்தில் அது ஏச்சுப் போலத்தான் வந்தது. எலேனி இன்னும் பெரிதாக அழுதாள்.

ஜெசிதா கரைப்பக்கம் திரும்பினாள். "ஒருத்தரும் கத்தாதையுங்கோ. நான் சொல்லுறதை என்னோடை சேர்ந்து சொல்லுங்கோ. செபமாலை சொல்லுற மாதிரி மெதுவா இழுத்துச் சொல்லுங்கோ."

சின்னப்பிள்ளை பெரியவர்களுக்குக் கட்டளை போடுகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு குரல் தொடங்க மற்றக் குரல்கள் சேர்ந்து சொல்வது அந்தப் பெண்களுக்குப் பொழுதுபட்டால் நடக்கிற விஷயம். ஜெசிதா மூச்சை இழுத்துவிட்டு, பாய் விரித்துவிட்டுச் சொல்கிற அதே குரலில் தொடங்கினாள்.

"கலினிஹ்தா... மாத்தாக்கியா மூ..."

"கலினிஹ்தா... மாத்தாக்கியா மூ..." என்று கரை முழுவதும் இழுத்தது. என்ன சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. காற்று அந்தக் குரலை வள்ளத்துக்குக் கொண்டுபோனது.

எலேனியின் அழுகை நின்றது. விளிம்பில் வைத்த கால் அப்படியே இருந்தது. மறுபடியும் சொன்னார்கள். அவள் சூரியனைப் பார்த்தாள். பகலில் என்ன கலினிஹ்தா என்று நினைத்தாளோ என்னவோ. மூன்றாம் தடவை சொன்னபோது கால் கீழே இறங்கியது. பிறகு சிவப்புச் சட்டை தொப்பென்று மறைந்துபோனது.

"விழுந்திட்டாளோ?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"இல்லை. படுத்திட்டாள்" என்றாள் ஜெசிதா. சொன்னாளே தவிர, அவளுக்கும் நிச்சயமில்லை. வள்ளம் ஆடாமல் போய்க்கொண்டிருந்தது. கிறிஸ்துநாயகம் மாமா இப்போது நீந்தினார். பெண்கள் நிறுத்தவில்லை. வாய்க்காலுக்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய கை வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தது. அதன்பிறகுதான் ஜெசிதாவுக்கு அழுகை வந்தது.

மாமா வள்ளத்தைக் கரைக்கு இழுத்துவந்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எலேனி மல்லாந்து கிடந்தாள். கண் இறுக்கி மூடியிருந்தது, கன்னத்தில் கண்ணீர் காயவில்லை, கை இரண்டும் வயிற்றில். அசையவேயில்லை. பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று அம்மா பதறினார்.

ஜெசிதா வள்ளத்துக்குள் ஏறி முழந்தாளிட்டாள். "கலிமேரா" என்றாள், தனக்கே கேட்காத குரலில்.

எலேனி ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு மற்றக் கண்ணையும் திறந்து எழுந்திருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். சின்னக் கையால் அவளுடைய கண்ணீரைத் துடைத்து, சித்தி சொல்வது போலவே, "மாத்தாக்கியா மூ" என்றாள்.

அதற்குப் பிறகுதான் சுற்றி நின்ற கூட்டத்தைக் கண்டாள். மரியாதை தெரிந்த பிள்ளை. எல்லாரையும் பார்த்துத் தலையை ஆட்டி, "கலிமேரா" என்றாள்.

"கலிமேரா" என்றது கரை முழுவதும்.

கிறிஸ்துநாயகம் மாமா தலையிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு மேற்கே சாய்ந்த சூரியனைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, இப்பதான் எங்களுக்கும் விடிஞ்சது" என்றார்.