பதினேழாவது எண்

ஒளிப்புள்ளி இரண்டு கட்டம் நகர்ந்தது. அறையில் யாரும் நடக்கவில்லை.

ஜெயபாரதி ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்து சுவரிலிருந்த அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறை நடுவே ஆளுயரக் குடுவை. அதற்குள், திரவ ஹீலியத்தில், தலைமுடியைவிட மெல்லிய குறைக்கடத்திக் கம்பி ஒன்று தொங்கியது. அதில் எலெக்ட்ரான்கள் ஓடும் ஓட்டத்தைத்தான் அந்தப் புள்ளி காட்டியது. அந்தக் குளிரில் கம்பி எதையும் உணர்ந்துவிடும். தரையில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டை ஒருவர் தாண்டினால் இரண்டு கட்டம். குடுவையைத் தொட்டால் எட்டு. அளவெடுக்கும்போது எல்லோரும் நின்ற இடத்திலேயே சிலையாகிவிடுவது அந்த ஆய்வுக்கூடத்தின் வழக்கம்.

ஹீலியம் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். அது தீர்ந்தால் மறுபடி கிடைப்பது அடுத்த வருடம்தான். அவளுக்கோ இந்த மாதத்தோடு கெடு. பதினேழு எண்கள் கிடைத்தால் ஆறு வருட உழைப்புக்குப் பட்டம். இல்லையென்றால் மேற்கு மாம்பலத்து வீட்டின் சமையலறை. பதினாறு கிடைத்திருந்தன.

பம்பைப் பார்த்துக்கொள்ளும் வடிவேலு சாப்பிடக் கிளம்பும்போதே கடிந்துகொண்டிருந்தார். "ஜன்னல மூடிகினு குந்தாதீங்கம்மா. அந்த கேஸு வாசனையே காட்டாம மூச்ச நிறுத்திடும்."

"காத்துல புள்ளி ஆடுது வடிவேலு."

"அது ஆடட்டும். நீங்க ஆடாம பூட்டீங்கன்னா, நான் யாருக்கு பதில் சொல்றது?"

அவர் போனதும் அவள் எழுந்து ஜன்னலை மூடியிருந்தாள். வெளியே அடையாற்றின் வெயில் கொளுத்தியது. உள்ளே சிவப்பு விளக்கின் மங்கல், எண்ணெய் வாடை, சுவருக்கு அப்பால் பம்பின் தடதடப்பு. இப்போது அந்தச் சத்தமும் பஞ்சில் பொதிந்ததுபோல் தள்ளிப்போயிருந்தது.

மூன்று கட்டம்.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. விரல்கள் எப்போது மரத்துப்போயின என்பதும் தெரியவில்லை. எழுந்தால் எண் கெட்டுவிடும் என்பது ஒன்றுதான் மனதில் தெளிவாக இருந்தது.

ஐந்து.

எட்டு.

அவளுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

பிறகு ஐந்து. இரண்டு. பூஜ்யம். குடுவையைத் தொட்டது எதுவோ, அது கோட்டைத் தாண்டி அவள் பக்கம் வந்துவிட்டது. கழுத்தில் ஒரு மூச்சு. குளிர்ந்த மூச்சு.

அவள் எழுந்தாள். கோட்டைத் தாண்டினாள். புள்ளி அசையவில்லை. குடுவையின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். சில்லிடவில்லை. புள்ளி அசையவில்லை.

கதவு திறந்தது. வடிவேலு கோட்டைத் தாண்டி வந்தார். உடனே புள்ளி இரண்டு கட்டம் துள்ளியது.

"இன்னாம்மா, சொல்லச் சொல்ல மூடிகினீங்களே! நம்பர் வந்துட்ச்சா?"

அவர் ஸ்டூலைப் பார்த்துக் கேட்டார்.

"பதினாறு வந்தாச்சு. ஒண்ணுதான் பாக்கி," என்றது அவள் குரல், ஸ்டூலிலிருந்து. "கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் அசையாம நில்லுங்க."

வடிவேலு பின்வாங்கிச் சிலையாக நின்றார்.

குடுவையருகே நின்ற ஜெயபாரதி கத்தினாள். குடுவையை இரு கைகளாலும் அறைந்தாள். புள்ளி அசையவில்லை. ஸ்டூலில் இருந்தவள் நோட்டின் மேல் குனிந்து, பதினேழாவது எண்ணை அவளுடைய கையெழுத்திலேயே நிதானமாக எழுதினாள்.