காணாமல் போகாத தங்கம்

"திருட்டுப் போயிருந்தா போலீசுக்குப் போயிருப்பேன் சார். ஒண்ணுமே போகல. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்" என்றார் தையல்கடைக்காரம்மா.

அவர் மேசைமேல் திறந்து வைத்த எவர்சில்வர் டப்பாவில் எட்டுத் தங்கக் கட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் பத்து கிராம். அவற்றை நோக்கிக் குனிந்த மனிதரைத் தெருவில் எல்லோரும் நிதானம் என்றுதான் அழைப்பார்கள். காப்பீட்டு நிறுவனத்தில் இழப்புகளை மதிப்பிட்டே தலை நரைத்தவர். இப்போது வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பிறர் சிக்கல்களை அவிழ்த்துக் கொடுக்கிறார். அவருடைய மனைவியின் தம்பி கூடவே இருப்பான். அவனுக்குப் பதில் எப்போதும் கேள்விக்கு முன்னால் வந்துவிடும்.

"போலி" என்றான் மைத்துனன்.

"நகைக்கடையில பரிசோதிச்சுப் பாத்தாச்சு தம்பி. சுத்தத் தங்கம். எடையும் சரியா இருக்கு. ஆனா இது என் தங்கம் இல்ல."

அந்தம்மா நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பள்ளிச் சீருடை, மருத்துவமனைத் திரைச்சீலை என்று பெரிய வேலை முடியும்போதெல்லாம் ஒரு கட்டி வாங்கியிருக்கிறார். நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் என்று பாதி ஆசை கடையிலேயே கரைந்துவிடும் என்பதால் கட்டி. கை ஓய்கிற வயதில் யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்பதுதான் எண்ணம். ஒவ்வொன்றையும் துணிப்பையில் வைத்து வாயைத் தைத்து, பீரோவில் பூட்டி வைத்தார். கடைசிக் கட்டி வாங்கி எட்டு வருஷமாகிறது. இப்போது கடை இருக்கும் அறையை அதன் உரிமையாளர் விற்கிறார். அதை வாங்கத்தான் பைகளைப் பிரித்தார்.

"முதல்ல வாங்குனது கைதவறித் தையல் மிஷின் மிதிக்கட்டைக்கு அடியில போயி, ஒரு மூலை வளைஞ்சுபோச்சு. அன்னைக்கு அழுதுட்டேன். இப்ப எட்டையும் பாக்குறேன், வளைஞ்ச மூலையே இல்ல."

"வீட்டுல சொன்னீங்களா?" என்று கேட்டார் நிதானம்.

"வீட்டுக்காரர் 'உனக்கு ஞாபகம் தப்பியிருக்கும்'னார். கொழுந்தன்கிட்ட சொன்னேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டு எழுந்து போயிட்டார். எனக்குத்தான் புத்தி பெசகிடுச்சோன்னு பயமா இருக்கு சார். அது தெரியாம இதை விக்க மாட்டேன்."

"பிரிச்ச பைகள் இருக்கா?"

"கத்திரியால பரபரன்னு வெட்டிப் போட்டேன். வீட்டுல எங்கேயாவது கிடக்கும்."

அந்தம்மாவின் வீட்டுக்குப் போகும் வழியில், அவர் கட்டிகள் வாங்கிய நகைக்கடைக்குள் நிதானம் நுழைந்தார். கடைக்காரர் கட்டி ஒன்றை ஒளியில் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்ககிட்ட வாங்குனதுதான். ஆனா முன்ன எல்லாம் மூலை கூரா இருக்கும். இந்த வட்ட மூலை வந்து மூணு வருஷம்தான் ஆகுது" என்றார்.

தையல்கடைக்காரம்மாவின் வீடு இரண்டாம் மாடியில். நீரேற்று நிலையத்தில் மின்பணியாளரான கணவர் வேலை முடிந்து வந்திருந்தார். கைபேசிக் கடை வைத்திருக்கும் அவர் தம்பி வாசற்படி ஓரமாகவே உட்கார்ந்திருந்தான், எப்போது கிளம்பலாம் என்பதுபோல.

கணவரின் சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிற நூலில் தைக்கப்பட்டு, முடிச்சு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. நிதானத்தின் பார்வை அங்கே போனதைக் கண்டு மனைவி கூச்சத்துடன் சிரித்தார். "தையல்காரி புருஷன் சட்டையப் பாருங்க. என்கிட்ட குடுக்க மாட்டார், தானே தைச்சுக்குவார். கொஞ்ச வருஷமா ஞாயித்துக்கிழமை கூட டூட்டி. எதுக்கும் நேரமில்ல."

"தங்கம்ங்கிறது சும்மா தூங்குற காசு சார்" என்றார் கணவர். "இவதான் கட்டிப்புடிச்சுக்கிட்டு இருந்தா. அது எங்க இருக்கு, என்ன விலைன்னு நான் எட்டிக்கூடப் பாத்ததில்ல."

"இப்பவே வித்துடுங்க அண்ணி" என்றான் தம்பி, யார் முகத்தையும் பார்க்காமல். "விலை ஏறிக்கிட்டேதான் இருக்கு."

"ஏறுனது நேத்து" என்றார் கணவர். "இன்னைக்குக் காலையில கொஞ்சம் இறங்கிடுச்சு."

நிதானம் துணிக்கூடையிலிருந்து வெட்டிய பைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மறுநாள் மதியம் எல்லோரும் தையல்கடையில் இருக்க முடியுமா என்று மட்டும் கேட்டார்.

படியிறங்கும்போதே மைத்துனன் ஆரம்பித்தான். "அத்தான், அந்தத் தம்பிதான். நிமிர்ந்து பாக்கவே மாட்டேங்கிறான்."

"ஏதோ மறைக்கிறான், சரிதான். ஆனா ஒண்ணு யோசி மாப்ளே. தங்கத்தை எடுக்குறவன் திருடன். எடுத்த அளவுக்குத் தங்கத்தையே திருப்பி வைக்கிறவன் யாரு?"



மறுநாள் தையல்கடையில் மிஷின்கள் நின்றிருந்தன. நிதானம் வெட்டும் மேசைமேல் ஒரு பையை விரித்தார்.

"அம்மா, பையைத் தைச்சா முடிச்சை எங்க விடுவீங்க?"

"உள்பக்கம்தான். வெளிய தெரிஞ்சா அது தையலா?" சொல்லிக்கொண்டே குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எட்டுப் பையிலும் முடிச்சு வெளியே இருந்தது. அவர் மெதுவாகத் திரும்பிக் கணவரின் சட்டையைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஞாபகம் தப்பல" என்றார் நிதானம். "இந்தக் கட்டிகள் வந்தே மூணு வருஷத்துக்கு உள்ளதான். நீங்க வாங்குனதை யாரோ முன்னாடியே வித்துட்டாங்க. பிறகு ஒண்ணு ஒண்ணா வாங்கி வச்சிருக்காங்க, அதுவும் ரொம்ப ஏறின விலையில. இது வெளியாள் வேலை இல்ல, வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஒருத்தரோட வேலை. தங்கத்தை எட்டிக்கூடப் பாக்காதவர், காலையில விலை இறங்குனதைச் சொன்னார். ஒவ்வொரு நாளும் விலையை எதிர்பாத்துக் காத்திருக்கிறவருக்குத்தான் அது தெரியும். ஞாயித்துக்கிழமை டூட்டிப் பணம் எங்க போச்சுங்கிறதும் இப்பப் புரியுது."

கணவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கூட்டாளி ஒருத்தன் ஐஸ் ஃபேக்டரி போட்டான். சும்மா கிடக்கிறதை எடுத்துப் போட்டா இரண்டு மடங்காக்கி உன் முன்னால வைக்கலாம்னு நினைச்சேன். நீ நம்புனது தப்பு, நான் சொன்னது சரின்னு காட்டணும்னு ஒரு வீம்பு. ஃபேக்டரி போச்சு. திரும்ப வாங்கலாம்னு போனா, நான் காசு சேக்குறதுக்குள்ள அது ஏறிடும். மறுபடி சேத்தா மறுபடி ஏறிடும்."

"கடைசி நாலு கட்டி வாங்க, அப்பா விட்டுட்டுப் போன நிலத்துல தன் பங்கை அண்ணன் எனக்கு வித்துட்டாரு அண்ணி" என்றான் தம்பி. "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அதான் உங்க மூஞ்சியில முழிக்க முடியல."

அந்தம்மா அழவில்லை. வெட்டிய பை ஒன்றைக் கையில் எடுத்து, "நடுவுல பைக்குள்ள என்ன இருந்துச்சு?" என்றார்.

"பித்தளைத் துண்டு. பம்ப் ஹவுஸ்ல கிடந்தது."

"அம்மா செத்தப்ப, இந்தக் கடைக்குள்ள தண்ணி புகுந்து துணியெல்லாம் நாசமானப்ப, பீரோவத் திறந்து பையத் தொட்டுப் பாத்துட்டு நிம்மதியாப் போய்ப் படுத்தேன். பித்தளையத் தொட்டுட்டா படுத்தேன்?"

மைத்துனன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எடுத்ததுகூடப் பெருசில்ல" என்றார் அவர் கணவரிடம். "எனக்குப் புத்தி சரியில்லன்னு என்னையே நம்ப வச்சீங்க பாருங்க. அதை எந்தக் கடையில வாங்கித் திருப்பி வைப்பீங்க?"

கணவர் சட்டையில் துருத்திய முடிச்சை விரலால் மூடிக்கொண்டார்.

அந்தம்மா டப்பாவை எடுத்து மூடியை அழுத்தினார். "எழுந்திருங்க. இந்த அறை என் பேர்லதான் பதிவாகும். அதுக்கு முன்னாடி இதை விக்கணும். சார், நீங்களும் கொஞ்சம் கூட வாங்க."

நகைக்கடை நான்கு கட்டடம் தள்ளித்தான். அவர் முன்னால் நடந்தார். கணவர் சற்றுப் பின்னால். கடைக்காரர் கட்டிகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார்.

"எல்லாம் நீங்க வாங்குனதுதானேம்மா?"

அந்தம்மா தராசின் எண்கள் ஓடி நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவருக்கு நிற்க இடம்விட்டுச் சற்று நகர்ந்துகொண்டார்.

"நான் ஒரு தடவை வாங்கினேன்" என்றார். "இவர் ஒரு தடவை வாங்கினார்."