குட்டை ஓரம் வரும் புள்ளி

மகள் வீட்டுக்குள் வந்த பிறகும் மகளுடைய புள்ளி திரையில் நகர்ந்துகொண்டிருந்தது.

மணிமொழிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு இது புதிதல்ல. அபிநயா வேலைக்குக் கொண்டுபோகும் வாக்கி டாக்கி, அவள் இருக்கும் இடத்தை அவ்வப்போது காற்றில் சொல்லிக்கொண்டே வரும்; அது திரை வரைபடத்தில் புள்ளியாக விழும். மாடிக் கம்பத்து ஆன்டெனா அதைப் பிடித்துப் பெரம்பலூர் நண்பர்கள் வரை கேட்கும்படி திருப்பி அனுப்பும். நடுவில் ஏதாவது ஒரு செட் சுணங்கினால் பழைய இடத்தையே தாமதமாகக் கக்கும். அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"அபி, செட்டு எங்கடி?"

"ஆபீஸ்லயே வச்சுட்டேம்மா." அடுப்படியில் விளக்குப் போடாமலே குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். வந்ததிலிருந்து தண்ணீர் விழும் ஓசையும், நனைந்த சுண்ணாம்பின் வாடையும், தரையில் ஈரக்கால் இழுபடும் சத்தமும் அங்கிருந்து மெல்ல மெல்லக் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தன.

புள்ளி அரியலூர் சாலையை விட்டிறங்கி, கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழியின் குட்டை ஓரமாக நடை வேகத்தில் வந்து வீட்டுத் தெருப் பக்கம் திரும்பியது. பொழுது சாய்ந்தால் யாரும் போகாத வழி அது. எவனோ செட்டைத் திருடிவிட்டான், அதை வைத்துக்கொண்டு வீட்டையே தேடி வருகிறான் என்று மணிமொழிக்கு ஆத்திரம் பொங்கியது. மைக்கை எடுத்தாள். கோபத்திலும் பழக்கம் விடவில்லை. ரேடியோவில் பேசுகிறவர் முதலில் சொல்லவேண்டிய அடையாள எழுத்துகளை, தன் கால்சைனை, எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டுத்தான் திட்டினாள்.

"யார்ரா அது, எம் பொண்ணு செட்டை வச்சிருக்கறவன்? இந்தப் பக்கம் வந்தா காலை ஒடிச்சிடுவேன்!"

கரகரப்பு. பிறகு அபிநயாவின் கால்சைன், எழுத்தெழுத்தாக.

"அம்மா, நான்தாம்மா. வண்டி பஞ்சர். போன்லயும் சார்ஜ் இல்ல. குறுக்கால நடந்து வரேன், தெருமுனைக்கு வந்துட்டேன்."

அடுப்படியில் குழாய் நின்றது.

மணிமொழி திரும்பவில்லை. "அபி," என்றாள் இருட்டைப் பார்க்காமல், "உன் கால்சைன் சொல்லு."

"எதும்மா?"

தூக்கத்தில் கேட்டாலும் அபிநயா ஒப்பிப்பாள். மணிமொழிக்குக் கோபம் வந்தது.

"எவ வூட்டுல நின்னுக்கிட்டு எவ குரல்ல பேசுற?" என்றாள். மைக்கை அழுத்தினாள். "அபி, வூட்டுக்கு வராத! பக்கத்துத் தெரு சம்பூர்ணம் அக்கா வூட்டுக்கு ஓடு!"

ஒரு கை அவள் கையை மூடியது. ஈரம். சுண்ணாம்பு வெளுப்பு. எலும்பே இல்லாத மெத்து.

மைக் அதன் பக்கம் போனது. மணிமொழியின் கால்சைன் ஒலித்தது. ஓர் எழுத்தும் பிசகவில்லை. மணிமொழியின் குரல்.

"அபி, அம்மா சும்மா சொன்னேன். வா."

அந்தக் கால்சைன் சற்றுமுன் மணிமொழியே வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்தது. மணிமொழி ஆன்டெனா வயரைப் பிடுங்கி எறிந்தாள். செட் ஊமையானது. திரையில் புள்ளி அப்படியே நின்றுவிட்டது. வருகிறாளா, போகிறாளா, தெரியவில்லை.

ஜன்னலுக்குப் பாய்ந்தாள். அதுவும் வந்தது. தோளோடு தோள் உரசி நின்றது.

"ஓடு!" என்று கத்தினாள் மணிமொழி.

"வா!" என்றது அது, அதே தொண்டையில்.

"ஓடுடி!"

"வாடி!"

அவள் விடவில்லை. அதுவும் விடவில்லை. தெரு நடுவில் சின்ன டார்ச் வெளிச்சம் ஒன்று ஓர் அடி முன்னால் வந்தது, ஓர் அடி பின்னால் போனது. அப்படியே நின்றது.