கருப்பட்டிக்கு அளந்த படி

ஒரு கைப்பிடிகூட நிறையாத உருண்டைகள் தட்டில் விழுந்தன. அதோடு படியளப்பானின் வாய் மூடிக்கொண்டது.

கருப்பட்டி தட்டை நக்கி முடித்துவிட்டு வடிவை நிமிர்ந்து பார்த்தது. அதன் விலா எலும்புகளைத் தொலைவில் நின்றே எண்ணிவிடலாம். சுவருக்குள் இருந்த படியளப்பானோ இனிமையான குரலில், "உங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு இன்னும் உடல் மிகை. நாளை அளவு குறைக்கப்படும்" என்றது. நாசமாய்ப் போக என்று வடிவு மனதுக்குள் சபித்தாள். வாய்விட்டுச் சபிக்கப் பயம். அதற்குக் காது உண்டு.

தானியத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு வந்த அளவுணவுச் சட்டம் முதலில் வளர்ப்புப் பிராணிகள் மேல்தான் கை வைத்தது. நாயின் இனம், வயது, எடை, அன்றாடம் ஓடிய தூரம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு அன்றைய தீனியைத் தள்ளும் படியளப்பான் இயந்திரம் வீட்டுக்கு வீடு வந்தது. கழுத்துப் பட்டையில் மோப்பமானி வேறு. வடிவு ஒளித்துக் கொடுத்த அரை இட்லியை அது முகர்ந்து சொல்லிவிட, மறுநாள் தீனியில் அந்த அரை இட்லி கழிந்தது. இன்னொரு தடவை கொடுத்தால் நாயையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இயந்திரத்தைக் குறை சொல்லியும் பயனில்லை. கருப்பட்டி உண்மையிலேயே சிப்பிப்பாறையாக இருந்தால் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அது பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நடுங்கிக்கொண்டிருந்த தெருக்குட்டி. குட்டைக் கால், அகன்ற மார்பு, உருண்டைத் தலை. அவர்கள் குடியிருந்த பொருநை அடுக்ககத்திலோ பெயர்பெற்ற இன நாய்களுக்கு மட்டும்தான் இடம் என்று செயலாளர் சிதம்பரநாதன் விதி போட்டிருந்தார். அதனால் வடிவின் கணவன் ஆவுடையப்பன், பதிவின்போது மீசையைத் தடவிக்கொண்டே, அசல் சிப்பிப்பாறை, எங்கள் மாமா வீட்டு வம்சம் என்று இயந்திரத்திடம் அளந்துவிட்டான். அது கேட்டுக்கொண்டது. அன்றிலிருந்து, ஒல்லிக்குச்சி உடம்புள்ள சிப்பிப்பாறை ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, இந்த நாட்டு நாயை நாளுக்கு நாள் இளைக்க வைத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் தட்டில் தீனி விழுந்த சத்தம் கேட்டும் கருப்பட்டி எழவில்லை. வாலை மட்டும் ஒருமுறை அசைத்தது.  படியளப்பானைப் பழுது பார்க்கும் இசக்கிராஜாவை வடிவு கூப்பிட்டாள். வந்தவர் இயந்திரத்தைத் திறக்கவே இல்லை. நாயை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

"இதையா சிப்பிப்பாறைன்னு சொன்னீங்க, அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தான். இனி எதையும் மறைக்க முடியாது என்று வடிவு நேராகச் சுவரிடம் போய், இது நாட்டு நாய், நிறையப் போடு என்றாள். குடும்பத் தலைவரின் குரல் தேவை என்று பதில் வந்தது. இயந்திரம் கண்ணால் கண்டதை நம்பினால் வழக்கு வம்பு வரும் என்று, குடும்பத் தலைவர் வாக்கே முடிவு என்று சட்டம் செய்து வைத்திருந்தார்கள். இசக்கிராஜா அதை விளக்கிவிட்டு, நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் எடுக்காது அக்கா என்றார்.

ஆவுடையப்பன் அசையவில்லை. "சொன்னா பதிவு செயலாளருக்குப் போயிரும், சாயங்காலத்துக்குள்ள நாயைத் தூக்கிருவாருட்டி."

"சொல்லலைன்னா மத்தியானத்துக்குள்ள அதுவே போயிரும்."

அவன் கருப்பட்டியைப் பார்த்தான். பிறகு சுவருக்கு முன்னால் போய் நின்று, "நாட்டு நாய். பஸ் ஸ்டாண்டுல எடுத்தது. நான்தான் பொய் சொன்னேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

இயந்திரம் பதிவைத் திருத்தியது. பிறகு தட்டு நிரம்பி வழிந்தது. வடிவு உருண்டைகளை வெந்நீரில் கரைத்து விரலால் ஊட்டினாள். முதல் வாய் வெளியே வந்தது. இரண்டாவது வாயைக் கருப்பட்டி விழுங்கியபோது அவள் அடக்க மாட்டாமல் அழுதாள்.

சாயங்காலம் கதவைத் தட்டியது செயலாளரேதான். வடிவு நாயை மறைத்துக்கொண்டு நின்றாள். அவர் பின்னால் நின்ற அவருடைய 'அசல் ராஜபாளையம்' கால் தள்ளாடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், அந்தத் திருத்தத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பது அடுக்ககம் முழுக்கப் பொருந்தியது. இன நாய் விதி அந்த வாரமே செத்தது.

அந்த ஆண்டு மழைக்காலம் முடிவதற்குள் சட்டம் மனிதர்களுக்கும் வந்துவிட்டது. வீட்டு அரிசியும் மாவும் படியளப்பானின் வயிற்றுக்குள் போயின. ஆளுக்கொரு மோப்பமானி மணிக்கட்டில் ஏறியது. பூட்டிக் கொடுத்த இசக்கிராஜா, இந்தத் தடவையாவது உள்ளதைச் சொல்லுங்கள் அண்ணாச்சி என்று சிரித்தார். பட்டது போதும் என்று ஆவுடையப்பன் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். தன்னைப் பற்றி மில் சூப்பர்வைசர், நாள் முழுக்க நின்ற கால் என்றான். மனைவி என்ன செய்கிறார் என்று இயந்திரம் கேட்டது. வடிவு அப்போது ஒரு கையால் கருப்பட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டு, மறுகையால் குழாயடித் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள்.

"வேலைக்கெல்லாம் போகலை. வீட்டுல சும்மாதான் இருக்கா."

அவன் அறிந்தவரை அது பொய்யில்லை.

மறுநாள் காலை அவன் கிண்ணத்தில் மாவு தளும்பியது. வடிவின் கிண்ணத்தில் விழுந்தது ஒரு இட்லிக்குக்கூடக் காணாது. "ஓய்வு நிலை. உடல் மிகை. நாளை அளவு குறைக்கப்படும்" என்றது அதே இனிமையான குரல்.

வடிவு கிண்ணத்தை அவன் முன்னால் நீட்டினாள். அவன் எழுந்தான். ஒரு வார்த்தைதானே, இப்போதே மாற்றிவிடலாம் என்று சுவருக்கு முன்னால் போய் நின்றான். பச்சை விளக்கு எரிந்தது.

"உங்கள் மனைவி என்னென்ன வேலை செய்கிறார்? காலையிலிருந்து வரிசையாகச் சொல்லவும்."

ஆவுடையப்பன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் வாய் திறக்க வந்ததுமே, குடும்பத் தலைவரின் குரல் மட்டும் என்றது இயந்திரம்.  அவன் சொல்லப்போவதைத் தானும் கேட்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"காலையில எந்திரிப்பா" என்று ஆரம்பித்தான் அவன்.

எத்தனை மணிக்கு என்று இயந்திரம் கேட்டது. அவள் எழுந்திருப்பதை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை.