ஏழுக்குப் பின்னால் ஒரு குரல்

மின்சாரச் சைக்கிளில் உச்ச வேகமான ஐந்தாம் நிலையை எடுத்த எடுப்பிலேயே அழுத்தக் கூடாது என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் ஐந்தாம் நிலையை அழுத்தினேன்.

மிதியை ஒரே ஒரு தடவைதான் மிதித்தேன். மிச்சத்தைச் சைக்கிளே பார்த்துக்கொண்டது. அது சாதாரணச் சைக்கிள் அல்ல. பனியில் புதையாமல் ஓடுவதற்காக, அதன் சில்லுகளைத் தலையணை போலக் கொழுக்க வைத்திருந்தார்கள். அது பாய்ந்து போய், வரிசையாக நின்ற மற்றச் சைக்கிள்களை மோதியது. ஒன்று சாய, அது அடுத்ததைச் சாய்க்க, கடைசியில் சூடான சொக்கலேற் வைத்திருந்த மடக்கு மேசையும் சாய்ந்தது. லா சப்பல் மெட்ரோப் பாலத்தின் கீழே, வெள்ளைப் பனியில் ஒரு பழுப்பு ஆறு ஓடியது.

கறிவேப்பிலைப் பையோடு போன ஒரு மாமி நின்று, "ஆரின்ரை பிள்ளை இது?" என்று கேட்டார். நல்ல வேளையாக யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

என் பெயர் யதுர்ஷன். வயது பதினொன்று. அன்று எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் சுற்றுலா. கால்வாய்ப் பாதை வழியாகச் செவ்ரான் காட்டுக்கு, வழிகாட்டியோடு சைக்கிள் பயணம். முதல் நாள் இரவு முழுக்கப் பனி கொட்டியதால் பேருந்துகள் நின்றுவிட்டன. பயணமும் நின்றுவிடும் என்றுதான் நினைத்தோம். ஆனால், இந்தச் சைக்கிள்கள் பிறந்ததே இப்படியொரு நாளுக்காகத்தான் என்று வழிகாட்டி ஷார்லோத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். எங்கள் துஷாந்தி ரீச்சர் மட்டும், தனக்கும் இரண்டு சில்லுக்கும் ஒத்துவராது என்று சொல்லி, நாங்கள் சாப்பிடுவதற்கான றோல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செவ்ரானுக்கு ரயிலேறினார்.

விழுந்த சைக்கிள்களை நாங்கள் நிமிர்த்திக்கொண்டிருக்க, ஷார்லோத் பெயர்ப் பட்டியலை வாசித்தாள். அதை எழுதியவன் நான்தான். ரீச்சரின் பிரெஞ்சுப் படிவங்களை நிரப்புவது என் வேலை. வீட்டிலும் அப்படித்தான். பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தால் அம்மா அதை என் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

பட்டியலில் எட்டுப் பேர். ஏழு பேர் பதில் சொன்னோம். எட்டாவது பெயரை ஷார்லோத் மூன்று தடவை முயன்று வாசித்தாள். அருட்பிரகாசம். பதில் இல்லை.

"அது ஆரோ ஒரு அப்பான்ரை பேர் மாதிரியெல்லோ கிடக்கு," என்றாள் என் சிநேகிதி ஜெனிற்றா.

அப்படி ஒருவர் வரவில்லை என்று நான் ஷார்லோத்திடம் உறுதியாகச் சொன்னேன். அவள் அந்தப் பெயரை வெட்டினாள். எட்டாவது சைக்கிள் தூணில் சாய்ந்தபடி நின்றது.

பிறகு விதிகளைச் சொன்னாள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் பத்து மீற்றர் இருக்க வேண்டும். எங்கே நிறுத்தினாலும், முன்னாலிருந்து ஒவ்வொருவராகத் தங்கள் எண்ணைப் பிரெஞ்சில் கத்த வேண்டும். ஓர் எண் வராவிட்டால் எல்லோரும் திரும்பிப் போக வேண்டும். இதில் பகிடி கிடையாது.

வரிசையின் கடைசியில் வழக்கமாக வருவது தோமா என்ற இன்னொரு வழிகாட்டி. அவன் பனியில் நின்றுபோன ஒரு ரயிலுக்குள் இருந்தான். அவனுடைய இடத்தை ஷார்லோத் எனக்குத் தந்தாள். பெருமையோடு காரணம் கேட்டேன்.

"நீ வாய் மூடாமல் பேசுகிறாய். நீ விழுந்தால் சத்தம் நின்றுவிடும். எனக்குத் தெரிந்துவிடும்," என்றாள்.

இப்படித்தான் நான் ஏழாம் எண் ஆனேன். எனக்கு முன்னால், ஆறாம் எண்ணாக, ஜெனிற்றா.

கால்வாய்க்கரைக்கு வந்ததும் மூடுபனி இறங்கியது. முதலில் எதிர்க்கரை காணாமல் போனது. பிறகு தண்ணீர். பிறகு ஜெனிற்றாவின் முதுகு. அவளுடைய சிவப்புப் பின்விளக்கு மட்டும் தனியாக மிதந்து போனது. பனி எல்லாச் சத்தத்தையும் தின்றுவிட்டது. என் சில்லின் 'நறநற' மட்டும் காதில் கேட்டது.

முதல் தரிப்பில் நின்று எண் சொல்லும்போது, இந்தப் பாதையில் பனிக்கரடி உண்டா என்பது பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தேன். ஜெனிற்றா என் தலைக்கவசத்தில் ஒரு தட்டுத் தட்டிய பிறகுதான் ஏழு என்று கத்தினேன். ஷார்லோத்தின் விசில் கேட்டது. புறப்பட்டோம்.

இரண்டாம் தரிப்பு ஒரு பாலத்தின் கீழே. ஒன்று, இரண்டு என்று குரல்கள் முன்னாலிருந்து வந்தன. ஆறு. நான் ஏழு என்றேன்.

எனக்குப் பின்னால், மூடுபனிக்குள்ளிருந்து, ஒரு சின்னக் குரல் சொன்னது.

"எட்டு."

தமிழில்.

எனக்கு முதுகில் யாரோ ஐஸ் வைத்தது போல இருந்தது. திரும்பினேன். வெள்ளை. வேறு ஒன்றும் இல்லை. யாரங்கே என்று பிரெஞ்சில் கேட்டேன். பதில் வரவில்லை. விசில் கேட்டதும் நான் மிதித்த வேகத்தில் ஜெனிற்றாவின் பின்சில்லை முட்டிவிட்டேன்.

"எனக்குப் பின்னாலை ஆரோ எட்டு எண்டு சொன்னது."

"நீதான் கடைசி, விசரா."

"அதுதான் பிரச்சினையே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப திரும்பிப் பாராதை. பாத்தியெண்டால் அதுக்கு உன்ரை முகம் தெரிஞ்சிடும்."

இப்படியும் ஒரு சிநேகிதி.

அதன்பிறகு நான் பேசவில்லை. பேசாமல் இருந்தால் எவ்வளவு கேட்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. என் சில்லின் 'நறநற'வுக்குப் பின்னால் இன்னொரு 'நறநற' இருந்தது. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. ஒருமுறை கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். மங்கலான மஞ்சள் வெளிச்சம் ஒன்று, தரைக்கு ஒரு மீற்றர் மேலே, அசையாமல் நின்றது. கிட்டவும் வரவில்லை, எட்டவும் போகவில்லை. சரியாகப் பத்து மீற்றர்.

மூன்றாம் தரிப்பு காட்டின் வாசலில். என் ஏழு முடிந்ததும் அது மறுபடி வந்தது.

"எட்டு."

இந்த முறை குரல் மூச்சு வாங்கியது.

நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரிசையின் முன்னால் ஓடி, ஷார்லோத்திடம் சொன்னேன். மூடுபனிக்குள் எதிரொலி வரும் என்றாள் அவள். எதிரொலி தமிழில் மொழிபெயர்த்தா சொல்லும் என்று கேட்டேன். குளிருக்குக் காதை மூடு என்று என் தொப்பியை இழுத்துவிட்டாள். பழுப்பு ஆறு ஓட வைத்தவன் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? நானே நம்பியிருக்க மாட்டேன்.

அந்தக் காட்டில் ஒரு காலத்தில் வெடிமருந்து செய்தார்களாம். மரங்களுக்கு நடுவே பழைய செங்கல் கட்டடங்கள் நின்றன. நான்கு மணிதான், ஆனால் வெளிச்சம் சாம்பலாகிவிட்டது. கிளையிலிருந்து பனி 'தொப்' என்று விழும்போதெல்லாம் என் இதயமும் கூடவே விழுந்தது. அம்மா சொல்லித் தந்த செபத்தைச் சொன்னேன். நடுவில் மறந்துபோனதால் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொன்னேன்.

நான்காம் தரிப்பு. எண்கள் வந்தன. ஆறு என்றாள் ஜெனிற்றா. ஏழு என்றேன். தோளைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

இன்னும் காத்திருந்தேன். ஒன்றுமே இல்லை. மஞ்சள் வெளிச்சமும் இல்லை.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மௌனம் குரலைவிடப் பயங்கரமாக இருந்தது. மூன்றாம் தரிப்பில் அதற்கு மூச்சு வாங்கியது. பேய்க்கு எதற்கு மூச்சு? பேய் எதற்குப் பத்து மீற்றர் விதியை மதிக்கிறது? பேய்க்குக் களைக்குமா?

களைப்பது ஆட்களுக்குத்தான்.

அது ஒரு ஆள் என்றால், அந்த ஆள் இப்போது இந்தக் காட்டுக்குள் தனியாக நிற்கிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் இருட்டிவிடும். நான் போய்ச் சொன்னால் மறுபடி எதிரொலி என்பார்கள். தனியாகத் திரும்பிப் போகலாம்தான். என்னைப் போன்ற வீரன் அதைச் செய்தால், தேட வேண்டிய ஆட்கள் இரண்டாகிவிடும்.

விசில் கேட்டது. வரிசை நகர்ந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அடுத்த தரிப்பில், ஒரு செங்கல் சுவருக்குப் பக்கத்தில், எண் சொல்லத் தொடங்கினார்கள். ஆறு வந்தது.

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"ஆறு," என்று ஜெனிற்றா மறுபடி கத்தினாள். "டேய், சொல்லன்."

நான் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பேசாததால் ஒரு வேலை நடந்தது. விசில் மூன்று தரம் கேட்டது. விதி விதிதான். முழு வரிசையும் திரும்பி என்னிடம் வந்தது.

ஷார்லோத்தின் முகம் பனியைவிட வெள்ளையாக இருந்தது. நான் முழுசாக நிற்பதைக் கண்டதும் சிவந்தது. அவள் தொடங்குவதற்கு முன்பு நான் தொடங்கினேன்.

"எட்டு இன்னும் சொல்லவில்லை. எட்டு சொல்லும் வரைக்கும் நான் ஏழு சொல்ல மாட்டேன்."

எட்டு என்று ஒருவரும் இல்லை என்று சொல்லி, அவள் சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள். என் கையெழுத்து. கடைசி வரி வெட்டியிருந்தது. நான் அதை முதல் தடவையாக ஒழுங்காக வாசித்தேன்.

குடும்பப் பெயர் எழுதும் கட்டத்தில்: பிரியதர்சினி. சொந்தப் பெயர் எழுதும் கட்டத்தில்: அருட்பிரகாசம்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. அப்பாவின் பெயரைத்தான் அந்தக் கட்டத்தில் எழுதுவோம். வியாழக்கிழமை, ஒரு கண்ணை உதைபந்தாட்டத்தில் வைத்துக்கொண்டு எழுதியபோது, நான் இரண்டையும் இடம் மாற்றிவிட்டேன். ஷார்லோத் கூப்பிட்டது ஒரு பிள்ளையின் அப்பாவை. அந்தப் பிள்ளை எப்படிப் பதில் சொல்லும்?

பிரியதர்சினி மன்னாரிலிருந்து வந்து மூன்று வாரம்தான். வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பாள். பிரெஞ்சு இன்னும் வராது. தலைக்கவசமும் கழுத்துத்துணியும் போட்டால் எல்லோரும் ஒன்று போலத்தான் தெரிவோம். தூணில் சாய்ந்து நின்ற சைக்கிளை அவள் எடுத்திருக்கிறாள். யாரும் எண் தரவில்லை. ஏழுக்குப் பிறகு எட்டு என்று தானே வைத்துக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்துப் பத்து மீற்றர் தள்ளி வந்திருக்கிறாள்.

நான் எல்லாவற்றையும் ஷார்லோத்திடம் சொன்னேன். என் பிழை என்பதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. சைக்கிளைத் திருப்பினாள்.

நாங்கள் வந்த தடம் வழியே போனோம். அகலமான தடங்கள், பெரிய முதலை ஊர்ந்தது போல. ஓர் இடத்தில் ஒரு தடம் மட்டும் பிரிந்து, மரங்களுக்குள் போனது. பக்கத்தில் சின்னச் சப்பாத்து அடையாளங்கள். அதற்கு மேல் மூடுபனி.

ஷார்லோத் விசில் ஊதினாள். பதில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் சொன்ன விதத்தில் அது பெயராகவே இல்லை.

"எண் சொல்லுவோம், தமிழில்," என்றேன்.

ஷார்லோத்துக்கு 'ஒன்று' வராது. ஆனாலும் கையால் ஒரு விரலைக் காட்டி, முதல் பிள்ளையைச் சொல்ல வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. எங்கள் குரல்கள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் போய் மறைந்தன. நான்கு. ஐந்து. ஆறு என்றாள் ஜெனிற்றா.

"ஏழு," என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

ஒரு கிளையிலிருந்து பனி விழுந்தது.

"எட்டு."

பழைய கட்டடம் ஒன்றின் சுவரோரம் அவள் நின்றாள். தன்னைவிடப் பெரிய சைக்கிளை விழவிடாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இமையில் பனி. முழுத் தூரமும் ஐந்தாம் நிலையிலேயே ஓடி வந்ததால் மின்கலம் முடிந்து, விளக்கும் அணைந்துவிட்டது. நிலையைக் குறைப்பது எப்படி என்று ஷார்லோத் பிரெஞ்சில் சொன்னபோது, அதைத் தமிழில் சொல்ல வேண்டியவன் மேசையைச் சாய்த்துக்கொண்டிருந்தான்.

ஷார்லோத் அவளைத் தன் மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டாள். என் சைக்கிளை நான் அவளுக்குக் கொடுத்தேன். செத்த சைக்கிளைச் செவ்ரான் வரை தள்ளியது நான். அதன் எடையை நான் சொன்னால் புளுகு என்பீர்கள்.

ரயில் நிலையத்தில் ரீச்சர் பிளேன்டீயும் றோல்ஸும் வைத்துக்கொண்டு நின்றார். ஷார்லோத் நடந்ததைச் சொன்னாள். கோபமா ரீச்சர் என்று கேட்டேன். முதலில் றோல்ஸைச் சாப்பிடு என்றார். அது பதிலே இல்லை. பிரியதர்சினி கோபமாக இருக்கிறாளா என்று ஜெனிற்றாவைக் கேட்டேன். மழை வருமா என்று பார்ப்பவள் போல வானத்தைப் பார்த்தாள்.

நான் பிரியதர்சினிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேரை மாற்றி எழுதியது நான்தான், பிழை விட்டிட்டன், என்றேன். பறவாயில்லை என்றாள். கோவமோ என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். என்னுடைய றோல்ஸை அவளிடம் நீட்டினேன். அதை வாங்கிக் கடைசித் துண்டு வரை சாப்பிட்டாள். விரலைத் துடைத்தாள்.

"உண்மையா சொல்லு," என்றேன். "கோவமோ?"

அவள் திரும்பி என்னை நேராகப் பார்த்தாள்.

"ஓம். சரியான கோவம். மூண்டு தரம் எட்டு எண்டு சொன்னனான். முதல் தரம் நீ பனிக்கரடியைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தாய். மற்ற ரெண்டு தரமும் என்னை விட்டிட்டு ஓடினாய். திரும்பி வந்தபடியால் நாளைக்குக் காலமை வரைக்கும்தான் கோவமா இருப்பன்."