டம்மி டிரைவர்

கல்லறைத் திருநாள் அன்று மாலை, மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த நேரத்தில், ஆரோக்கிய ஜெகன் தன் புது எலக்ட்ரிக் காரைக் கல்லறைத் தோட்டத்து மதிலோரமாக நிறுத்தியிருந்தான். கடலூரில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்களில் பாதி அங்கேதான் கூடியிருந்தன. சாமந்தியும் ஊதுவத்தியும் ஈர மண்ணும் உருகும் மெழுகும் கலந்த வாசனை, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளும் எப்படியோ நுழைந்திருந்தது. பின் சீட்டில் குழந்தை ஆண்ட்ரூ அப்போதுதான் தூங்கியிருந்தான். புகை பட்டால் அவனுக்கு மூச்சிழுப்பு வந்துவிடும் என்பதால் ஜெகன் அவனோடு காரிலேயே இருந்தான். மனைவி சகாய பிரியா முன்னால் போய் மாமனார் கல்லறையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பிள்ளை விஷயத்தில் ஜெகனுக்கு மனசெல்லாம் ரணம். பிள்ளை பிறந்தபோது அவன் குவைத்தில் இருந்தான். ஊருக்கு வந்து ஆசையாய்த் தூக்கியபோது, வழிப்பறிக்காரன் கையில் அகப்பட்டதுபோல் குழந்தை அலறியது. வந்து மாதங்கள் ஓடியும் அவனிடம் ஒட்டவே இல்லை. காரில் ஏறினால் மட்டும் அழாது. ஓட்டுகிற அப்பாவின் பிடரியைப் பார்த்தபடி சமர்த்தாக வரும். ஒரு நாள் சொந்தக்காரர் வண்டியில் போனபோது இதைக் கண்டுபிடித்த ஜெகன், மறு மாதமே கார் வாங்கிவிட்டான். பிள்ளையைத் தன் பக்கம் இழுக்க அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

வாங்கியது அடி மாடல். பின்கண்ணாடிக்கு வைப்பர் கிடையாது. டிக்கியில் விளக்கு கிடையாது. ஓட்டுபவர் இறங்கினால் ஏசி தானாக நின்றுபோகும். நிற்காமல் ஓட வேண்டுமென்றால் மேல் மாடல் வாங்கியிருக்க வேண்டும். இப்படி வாங்கிவிட்டு விழித்தவர்களுக்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. ஒருவர் பின்கண்ணாடியில் ஷாம்பு தடவச் சொல்வார். இன்னொருவர் டிக்கியில் ஒட்டுகிற விளக்குக்குப் படம் போடுவார். ஏசிக்கு வழி கண்டுபிடித்த புண்ணியவான் சிதம்பரத்து இளவரசு, ஜெகனோடு கல்லூரியில் படித்தவன். டிரைவர் சீட்டில் கனமாக எதையாவது வைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஆள் உட்கார்ந்திருப்பதாக வண்டி நம்பிக்கொள்ளும். குழுவில் அதற்கு டம்மி டிரைவர் என்று பெயர்.

ஜெகனுடைய டம்மி டிரைவர் ஒரு தண்ணீர் கேன். அன்றைக்கு அதைத்தான் கல்லறை கழுவப் பிரியா எடுத்துப் போயிருந்தாள்.

போன் அடித்தது.

“ஏங்க, ஃபாதர் நம்ம வரிசைக்கு வந்துட்டாரு. மாமா கல்லறைய மந்திரிக்கிறப்ப புள்ள நீங்க பக்கத்துல இல்லன்னா எப்புடி? ஓடியாங்க.”

ஜெகன் சுற்றிப் பார்த்தான். திருநாளுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது, கேட்பாரற்று இடிந்துபோன பழைய கல்லறைகளின் துண்டுகளை மதிலோரம் குவித்து வைத்திருந்தார்கள். அதில் தட்டையான ஒரு கல்லைத் தூக்கினான். பேர் வெட்டியிருந்த இடம் மொழுக்கென்று தேய்ந்திருந்தது. துண்டை விரித்து டிரைவர் சீட்டில் அதை வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினான். ஏசி ஓடியது.

தண்ணீர் கேனிடம் விளையாட்டாகச் சொல்லிப் பழகிய வாய், கல்லிடமும் சொன்னது.

“புள்ளைய பாத்துக்க. வந்துடுறேன்.”

கதவைப் பூட்டிவிட்டு ஓடினான்.

திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. குழந்தை விழித்திருந்தான். தனியாக விழித்தால் ஊரைக் கூட்டுகிறவன், அன்றைக்கு அழவில்லை. முன் சீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஜெகன் கல்லை எடுத்துக் குவியலிலேயே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். கால் பிரேக்குக்கு எட்டவில்லை.

“இன்னாங்க, சீட்ட இவ்ளோ பின்னாடி தள்ளி வச்சிருக்கீங்க?” என்றாள் பிரியா.

அவன் தள்ளவில்லை. சீட்டை முன்னுக்கு இழுத்தான். சிரமப்பட்டுத்தான் வந்தது. மெத்தை சில்லென்று இருந்தது. யாருடைய மடியிலோ உட்கார்ந்ததுபோல் இருந்தது. ஈரத் துண்டு, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவர்த்தியின் புகை வாசனை, காதுக்குப் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது.

அங்கிருந்து சிதம்பரத்தில் இருக்கும் பிரியாவின் அம்மா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. ஆலப்பாக்கம் தாண்டும்போது, வழக்கம்போல் பிள்ளை தன்னைப் பார்க்கிறானா என்று ஜெகன் கண்ணாடியில் பார்த்தான்.

பிள்ளை பார்த்துக்கொண்டுதான் வந்தான்.

ஆனால் ஜெகனின் பிடரியை இல்லை. அவன் தலைக்கு ஒரு சாண் மேலே, அவனைவிட உயரமான யாரையோ.

மறுநாள் காலை இளவரசு வீட்டு வாசலில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினான். அவன் இறங்கிய பிறகும் ஏசி நிற்கவில்லை. திறந்த கதவு வழியாகப் பெல்ட் மணி டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. சீட்டில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று திரையில் சிவப்பு விளக்கு சொன்னது.

“சென்சார் போயிருக்கும் மச்சான். நம்ம குரூப்ல நாலஞ்சு பேருக்கு ஆயிருக்கு,” என்று இளவரசு குனிந்து, சீட்டுக்கு அடியில் இருந்த ஒயரைக் கழற்றினான்.

மணி நின்றது. ஜெகன் மூச்சு விட்டான்.

இளவரசு எழுந்திருக்கவில்லை. சீட் மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெறும் மெத்தை, ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அளவுக்கு அமுங்கியிருந்தது. அவன் மெல்லக் கையை வைத்தான். உடனே எடுத்து, பேன்ட்டில் இரண்டு தரம் துடைத்தான்.

“மச்சான், இதுல இன்னாத்த வச்ச?”

ஜெகன் சொன்னான். கல்லைப் பற்றிச் சொன்னபோது இளவரசு தலையாட்டிக் கேட்டான். கல்லிடம் சொன்னதைச் சொன்னபோது முகம் வெளுத்துப்போனான்.

“வண்டி பொய் சொல்லலடா. நீ ஒக்கார வச்சிட்ட. வேலையும் குடுத்துட்டு வந்துருக்க.”

ஜெகனுக்கு அந்த வேலை தன்னுடையதல்லவா என்றுதான் முதலில் தோன்றியது.

காரைப் பூட்டிச் சாவியை இளவரசுவிடமே கொடுத்தான். வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொன்னான். நடந்து மாமியார் வீட்டுக்குப் போய், பிரியாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் திட்டவில்லை. குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு, “கடலூருக்கே போயிரலாம். அந்தக் கல்லுகிட்டயே போய், போதும்னு சொல்லிட்டு வந்துரலாம். இன்னைக்கே,” என்றாள்.

மத்தியானம் பஸ் ஏறினார்கள். மூவர் உட்காரும் சீட் காலியாகக் கிடைத்தது. சன்னலோரம் பிரியா, மடியில் குழந்தை, இந்த ஓரத்தில் ஜெகன். நடுவில் ஒரு ஆள் இடம் காலி. நல்ல வெயில். பஸ்ஸில் பூக்காரிகளும் கல்லூரிப் பிள்ளைகளும் கலகலவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். பகல் வெளிச்சத்தில், இத்தனை ஜனங்களுக்கு நடுவில், ஜெகனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. காரைத் தொலைத்தாயிற்று. இனிப் பிள்ளையை மடியில் வைத்தே பழக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது ஆண்ட்ரூ நெளிந்தான். அம்மா மடியிலிருந்து இறங்கி, நடுவில் இருந்த காலி இடத்தில் உட்கார்ந்தான். பிறகு கண் செருகப் பின்பக்கமாகச் சாய்ந்தான்.

முதுகு சீட்டில் படவில்லை.

சீட்டுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு ஆள் நெஞ்சளவுக்கு இடைவெளி இருந்தது. அந்த வெறும் காற்றில் தலையைச் சாய்த்துப் பிள்ளை தூங்கினான்.

மெழுகுவர்த்திப் புகை வாசனை வந்தது.

புதுச்சத்திரத்தில் மாடு ஒன்று குறுக்கே வர, டிரைவர் சட்டென்று பிரேக் அடித்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் முன்னால் போய் முட்டிக்கொண்டார்கள். நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

ஆண்ட்ரூ அசையவில்லை. அவன் சட்டை மட்டும் வயிற்றுக்குக் குறுக்கே இறுகிச் சுருங்கியது, யாரோ இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்ததுபோல.

பிரியா பார்த்துவிட்டாள். பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில், அந்தக் காலி இடத்தைப் பார்த்துப் பேசினாள்.

“நல்லா பாத்துக்கிட்டீங்க. போதுங்க. இனிமே நாங்க பாத்துக்குறோம். நீங்க போங்க.”

குழந்தை தூக்கத்தில் சிரித்தான்.

ஜெகனுக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. தான் பெற்ற பிள்ளை தன் கையில் ஒரு நாளாவது இப்படித் தூங்கியதில்லை என்று நினைக்கும்போதே அழுகை முட்டியது. பயத்தை எல்லாம் மென்று விழுங்கிக்கொண்டு, பிள்ளையைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினான்.

சில்லென்ற விரல்கள் அவன் மணிக்கட்டைப் பிடித்தன. இறுக்கவில்லை. கேட்காமல் குழந்தையைத் தொடவந்த வேற்று ஆளின் கையை விலக்குவதுபோல், மெல்ல விலக்கி, அவன் கைகளை அவன் மடியிலேயே திருப்பி வைத்தன.