முந்நூறு கிலோமீட்டர்... ஐம்பத்தைந்தே நிமிடம்!

"ஐயோ... மேனேஜர்...!"

பெருக்க வந்த அம்மாள் போட்ட அலறலில் அந்தக் குட்டி விமானக் கம்பெனியின் ஆபீஸே எழுந்து ஓடி வந்தது.

மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவே மேனேஜர் கிடந்தார். தலையருகே, இரும்புக் கால் வைத்த உலக உருண்டை. ரத்தம்!

மதியம் பன்னிரண்டரை.

பக்கத்து அறையில், இன்ஸ்பெக்டருக்கு எதிரே அட்டவணைக்காரர். எந்த விமானம் எப்போது கிளம்பி எப்போது இறங்கும் என்று பதினாறு வருடமாக எழுதுகிறவர். அந்த அட்டவணையைத் தன்னுடையது என்று காட்டி மேனேஜர் விருது வாங்கிக்கொண்டார். வயிறு எரியாதா? எரிந்தது. காலை ஒன்பதரைக்கு உருண்டையால் ஒரே போடு!

பிடிபட்டால் ஆயுசுக்கும் ஜெயில்தான். பயந்துகொண்டுதான் வந்து உட்கார்ந்தார். ஆனால் இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. முகம் வெளிறி, ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்தார் அந்த மனிதர்!

"தப்பா நினைக்காதீங்க சார். எனக்கு மூளை கொஞ்சம் கம்மி. தூரம், வேகம், நேரம்னா ஸ்கூல்லயே ஃபெயில். என் பொண்டாட்டி கடைக்குக்கூட என்னைத் தனியா அனுப்ப மாட்டா. கொலை ஒன்பதரைக்கு நடந்திருக்கும்னு டாக்டர் சொல்றாரு. அப்போ எங்கே இருந்தீங்க?"

"ஆகாயத்துல!"

"அப்படியா...?"

"பக்கத்து ஏர்போர்ட்லேர்ந்து வந்துட்டிருந்தேன். முந்நூறு கிலோமீட்டர். அம்பத்தஞ்சு நிமிஷம். ஒன்பது பத்துக்குக் கிளம்பி, பத்து அஞ்சுக்கு இறங்கிச்சு. பத்தே முக்காலுக்கு நான் வீட்ல குளிச்சிட்டிருந்தேன்."

"சரியான நேரத்துக்கு இறங்கிச்சா?"

"நான் போட்ட அட்டவணை சார். ஒரு நிமிஷம் தப்பாது!"

உண்மையில் முந்தின நாளே பஸ் ஏறித் திருட்டுத்தனமாகத் திரும்பிவிட்டார். விமானத்தில் அவருடைய அடையாளக் கார்டோடு வந்தது, அச்சு அசலாக அவரைப் போலவே இருக்கும் தம்பி. 'மூணு நாளைக்கு எனக்கு போன் பண்ணாதே' என்று தம்பிக்கு உத்தரவு வேறு. எவ்வளவு புத்திசாலித்தனம்!

"எந்த சீட்?"

"ஏழு பி."

"என்னை எங்கேயாவது பார்த்த ஞாபகம் இருக்கா சார்?"

"இல்லையே!"

இன்ஸ்பெக்டர் எலுமிச்சம்பழத்தை மேஜைமேல் வைத்தார்.

"எனக்குத்தான் கணக்கு வராதே... பத்தே முக்காலுக்கு நீங்க குளிச்சீங்க. அப்போ விமானம் மேலேயே சுத்திட்டிருந்துச்சு. ரன்வேயில ஏழெட்டு நாய். விரட்டி முடிக்க ஒரு மணி நேரம். பதினொண்ணு அஞ்சுக்குத்தான் இறங்கிச்சு!"

அட்டவணைக்காரர் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார்.

"யா... யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. லீவு முடிஞ்சு நானும் அதுலதான் வந்தேன். ஏழு ஏ!"

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

"ஒவ்வொரு சுத்துக்கும் வயித்தைப் புரட்டிச்சு. அடக்க முடியலை. பக்கத்து சீட்டுக்காரர் சட்டையில... ச்சே, மானமே போச்சு! அப்படிப் பண்ணின என் மூஞ்சியை யாராவது மறப்பாங்களா? ஆமா, அச்சா உங்களை மாதிரியே இருந்தாரே, அது யாரு, தம்பியா?"

அட்டவணைக்காரர் தலை தானாக ஆடியது.

"உடனே போன் போட்டுக் குடுங்க சார். அவர் சட்டையைத் துவைச்சிடப் போறாரு... என் சர்வீஸ்லயே நான் கண்டுபிடிச்ச ஒரே தடயம் அதுதான்!"